பிரிட்டன் வானிலைக்கு வர்றவங்களுக்கு: துணி, ஜன்னல், பாய்லர், தோசை மாவு

#1 · கொங்கு_டு_லீட்ஸ்

வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் கோவையிலிருந்து லீட்ஸ் வர்றோம். ரெண்டு பெரியவங்க, நாலு வயசுப் பையன். வாடகை வீடு, பழைய செங்கல் டெரஸ் (ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடு), கேஸ் பாய்லர். மூணு கேள்வி.

எதை ஊர்லயே வாங்கணும், எதை அங்க வாங்கணும்? பில் எகிறாம வீட்டை எப்படிச் சூடா வெச்சுக்கறது? வானிலை ஆப்பைத் திறந்தா ஏழு நாளும் மழை மேகம்தான் போட்டிருக்கு, அதை எப்படிப் படிக்கறது?

---

#2 · மேற்குக்காற்று

மூணாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். அது புரிஞ்சாத்தான் மத்த ரெண்டுக்கும் பதில் நிக்கும்.

ஊர்ல மாசத்தைப் பார்த்துத் துணி எடுக்கலாம். ஐப்பசின்னா குடை, சித்திரைன்னா பருத்தி. இங்க மாசத்தை நம்பினா ஏமாந்துதான் போகணும். காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு பாருங்க. ஆப்பில் காத்து வேகத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு அம்பு இருக்கும், பாதிப் பேர் அதைக் கண்டுக்கறதே இல்ல. அம்பு காட்டுறது காத்து போகிற திசை. பேர் மட்டும் வர்ற திசையை வெச்சு.

தென்மேற்கிலிருந்து வந்தா அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான ஈரக்காத்து. ஜனவரியில்கூட 12, 13 டிகிரி வரும். ஆனா வானம் சாம்பல் போர்வை, பூந்தூறல், ஈரம். வடமேற்கு காத்துன்னா குளிர்ச்சி, கண்ணாடி மாதிரி தெளிவு, நடுநடுவே சட்டுனு கொட்டிட்டுப் போற மழை. குளிர்காலத்துல கிழக்குக் காத்து அடிச்சா அது சைபீரியப் பக்கத்துச் சரக்கு. வறண்டது, எலும்புல குத்தும். 2018 பிப்ரவரி, மார்ச்சில் நாட்டையே முடக்கிய பனிக்கு 'பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்'னு பேர் வந்தது இப்படித்தான். நேர் வடக்கிலிருந்துன்னா ஆர்க்டிக், பனி விழ வாய்ப்பு. கோடையில் தெற்கு, தென்கிழக்குன்னா வெயில். லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 2022 ஜூலை 19 அன்னிக்கு 40.3 டிகிரி பதிவானதும் தெற்கேயிருந்து வந்த சூட்டுலதான்.

"ஒரே நாள்ல நாலு பருவம்"னு இவங்க சொல்றது பெரும்பாலும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தலைக்கு மேல கடந்து போறதைத்தான். வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முதல்ல ரொம்ப உயரத்துல இறகு மேகம், சூரியனைச் சுத்தி வட்டம். சில மணி நேரத்துல மேகம் தாழ்ந்து, விடாத நசநச மழை. அப்புறம் புழுக்கமான, தூறலான ஒரு இடைவேளை. அடுத்து அரை மணி, ஒரு மணி நேரம் பலத்த மழை. அதோட காத்து தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும், வெப்பம் சட்டுனு 4, 5 டிகிரி இறங்கும், நீல வானம் தெரியும். இந்த நீல வானத்தைப் பார்த்துட்டுக் கோட்டை வீட்டுல வெச்சுட்டுப் போறதுதான் புதுசா வர்றவங்க பண்ற தப்பு. குளிர் ஆரம்பிக்கறதே அங்கதான்.

ஆப்பில் ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுப் படிங்க. 'ரெயின்'னா அகலமான மேகப்பட்டை, மணிக்கணக்கா நிக்கும். 'ஷவர்ஸ்'னா துண்டு துண்டு மேகம், பத்து இருபது நிமிஷம் கொட்டிட்டு நகரும், பக்கத்துத் தெரு காய்ஞ்சே கிடக்கும். ரெண்டுக்கும் படம் ஏறக்குறைய ஒரே மேகம்தான். அதனால நாள் படத்தை விட்டுட்டு மணிவாரி சதவீதத்தைப் பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரேடார் வரைபடத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல சோசியம் கிடையாது. மூணு நாளுக்கு மேல மணிக்கணக்கெல்லாம் சும்மா அலங்காரம்.

இன்னொன்னு. லண்டன்ல வருஷத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். சென்னையில அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. வித்தியாசம் என்னன்னா சென்னையில அது சில வாரத்துல கொட்டித் தீர்த்துடும், இங்க பன்னிரண்டு மாசத்துக்கும் பிரிச்சுக் கொடுப்பான். நீங்க வர்ற லீட்ஸ், பென்னைன் மலைக்குக் கிழக்கே இருக்கறதால மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மான்செஸ்டரைவிட மழை குறைவு. எங்க ஊரைவிட உங்க ஊர் பரவாயில்லன்னு ரெண்டு ஊர்க்காரங்களும் சொல்லுவாங்க, நம்பாதீங்க.

---

#3 · அடுக்குத்துணி

துணி. மூணு ஸ்வெட்டர் வாங்கச் சொல்றவங்களும் ஒரே ஒரு தடி ஜாக்கெட் வாங்கச் சொல்றவங்களும் ஒரே தப்பைத்தான் சொல்றாங்க. தெருவுல 4 டிகிரி, பஸ்ஸுல 20, ஆபீஸ்ல 22, திரும்ப மழை. கழட்ட முடியாத துணி இங்க உதவாது. மூணு அடுக்கு, எல்லாமே முன்பக்கம் ஜிப் உள்ளதா இருக்கட்டும்.

உடம்பை ஒட்டிய அடுக்கு: மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். பருத்தி பனியன் வேண்டாம். வேகமா நடந்து பஸ் பிடிச்சா வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், பஸ் ஸ்டாப்பில் நின்னதும் முதுகு ஜில்லுனு ஆயிடும். திருப்பூர்ல தெர்மல் மலிவா கிடைக்கும், தாராளமா அங்கேயே வாங்குங்க. ஆனா லேபிளைத் திருப்பிப் பாருங்க, நிறைய '100 சதவீதம் காட்டன்' இருக்கும்.

நடு அடுக்கு: ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வீட்டுல இருக்கறதே போதும்.

வெளி அடுக்கு: இதை மட்டும் இங்க வாங்குங்க. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு போட்டிருந்தா பத்து நிமிஷத் தூறலுக்குத்தான். 'வாட்டர்ப்ரூஃப்'னு இருக்கணும், 10,000 மி.மீ. அளவு (துணி தாங்கற தண்ணி அழுத்தம்), தையல் மேல உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும். தொப்பிக்கு முன்னால விளிம்பும் பின்னால இறுக்கற கயிறும் வேணும், இல்லேன்னா காத்துல தொப்பி கழண்டு முகம் நனையும். ஒரு சைஸ் பெருசா எடுங்க, அப்பத்தான் ஃப்ளீஸ் உள்ள போகும்.

ஒரு வருஷம் கழிச்சு "ஜாக்கெட் கசியுது"ன்னு தூக்கிப் போடுவாங்க. பெரும்பாலும் அது கசியல. மேல் துணியில இருக்கிற நீர் விலக்கும் பூச்சு போயிருக்கும். துணி தண்ணிய உறிஞ்சி கனமாகும், உள்ள வேர்வை வெளிய போக வழியில்லாம நனைக்கும். காரணம் சாதாரண சோப்புத்தூளும் ஃபேப்ரிக் கண்டிஷனரும். நிக்வாக்ஸ் மாதிரி இதுக்குன்னே இருக்கிற திரவத்துல துவைச்சு, லேபிள் அனுமதிச்சா டிரையர்ல குறைஞ்ச சூட்டுல இருபது நிமிஷம் விடுங்க. தண்ணி மறுபடி தாமரை இலைல உருள்ற மாதிரி உருளும்.

ஷூ அரை சைஸ் பெருசு. தடிச் சாக்ஸ் போட்டு இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் சில்லிடும்.

பையனுக்கு: ஸ்கூல்ல தூறல்லயும் வெளிய விளையாட விடுவாங்க. மழைன்னு லீவு கிடையாது. மேல மாட்டிக்கற வாட்டர்ப்ரூஃப் டங்கரி (தோள்பட்டை வெச்ச பேன்ட்) ஒன்னு, வெல்லிங்கற ரப்பர் பூட்ஸ் ஒன்னு. வெல்லி நனையாது, ஆனா சூடு தராது. உள்ள கம்பளி சாக்ஸ் கட்டாயம். கையுறை மூணு ஜோடி வாங்குங்க, ரெண்டு தொலைஞ்சுடும்.

---

#4 · டிராம்_நம்பர்_2

குடை?

---

#5 · அடுக்குத்துணி

> குடை?

தென்மேற்குத் தூறலுக்கு ஓகே. மணிக்கு 25 மைல் தாண்டின காத்துல மடக்குக் குடை தாமரைப்பூ மாதிரி மேல விரியும். புயல் அடிச்ச மறுநாள் குப்பைத்தொட்டியெல்லாம் செத்த குடைதான். காத்தும் மழையும் சேர்ந்து வர்ற ஊருக்கு தொப்பி வெச்ச கோட்டுதான்.

---

#6 · ஈஸ்ட்ஹாம்_யன்னல்

தம்பி, உடுப்புக் கதை சரி. ஆனா இங்க கனபேர் கஷ்டப்படுறது வெளிக் குளிரால இல்லை, வீட்டுக்குள்ள வாற ஈரத்தாலதான். பழைய செங்கல் வீடெண்டு சொல்லுறீங்கள், அதால கவனமாக் கேளுங்கோ.

20 பாகை சூடும் 65 வீத ஈரப்பதமும் உள்ள அறையில, 13 பாகைக்குக் கீழ இருக்கிற எந்த மேற்பரப்பிலயும் தண்ணி படியும். வெளிச்சுவரின்ர மூலை, அலுமாரிக்குப் பின்பக்கம், யன்னல் சட்டம் எல்லாம் பனிக்காலத்தில அதைவிடக் குளிராத்தான் இருக்கும். ரெண்டு மூண்டு கிழமையில கறுத்தப் பூஞ்சணம் வந்திடும். பிள்ளையின்ர நெஞ்சுக்கு அது நல்லதில்லை.

செய்ய வேண்டியது:

ஈரப்பதம் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு, பத்துப் பவுணுக்குள்ள வாங்கலாம். 40க்கும் 60க்கும் இடையில வையுங்கோ. 65 தாண்டினா ஏதோ பிழை.

அலுமாரி, கட்டில் தலைமாடு எல்லாம் வெளிச்சுவரில முட்டக்கூடாது. ஒரு சாண் இல்லாட்டியும் நாலு விரல் இடைவெளி விடுங்கோ. காத்து போய்வரட்டும்.

சோறு, இட்டலி அவிக்கேக்க மூடி போட்டு, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானைப் போட்டு, குசினிக் கதவைச் சாத்துங்கோ. குளிச்சு முடிஞ்சாப் பிறகும் பாத்ரூம் ஃபான் 15, 20 நிமிடம் ஓடவேணும். ஃபானின்ர உறையில ஒரு டிஷ்யூவைப் பிடிச்சுப் பாருங்கோ. ஒட்டிக்கொண்டு நிக்காட்டி ஃபான் தூசியடைச்சுப் போச்சு எண்டு அர்த்தம்.

யன்னல் சட்டத்துக்கு மேல ஒரு நீளமான துவாரம், மூடியோட இருக்கும். குளிர் வருதெண்டு ஆக்கள் அதுக்கு டேப் ஒட்டுவினம். ஒட்டாதேங்கோ. வீடு மூச்சு விடுறதே அதாலதான்.

உடுப்புக் காயப்போடுறது பெரிய பிரச்சினை. ஒரு மெஷின் உடுப்பில ரெண்டு லீற்றருக்குக் கிட்டத் தண்ணி இருக்கும். ரேடியேற்றரில விரிச்சா அவ்வளவும் சுவருக்குத்தான் போகும். 1400 சுத்தில பிழிஞ்சு, பாத்ரூமில ஸ்டாண்டில போட்டு, கதவைச் சாத்தி, ஃபானைப் போடுங்கோ. இல்லாட்டி காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிற மெஷின், டீஹியூமிடிஃபையர்.

பிறகு, காலையில பத்து நிமிடம் முன்னுக்கும் பின்னுக்கும் யன்னலைத் திறந்து விடுங்கோ.

---

#7 · கணக்குப்பிள்ளை_ஹாரோ

> காலையில பத்து நிமிடம் முன்னுக்கும் பின்னுக்கும் யன்னலைத் திறந்து விடுங்கோ

இது எப்படிச் சரி? வெளியே மழை. ஆப்பில் ஈரப்பதம் 95 சதவீதம். உள்ளே 65. ஜன்னலைத் திறந்தால் இருக்கிற ஈரமும் சேர்ந்துதானே உள்ளே வரும்? சூடும் போகும்.

---

#8 · மேற்குக்காற்று

எல்லாருக்கும் வர்ற சந்தேகம். ஊர் அனுபவம் இங்க தலைகீழா வேலை செய்யற இடம் இதுதான்.

அந்தச் சதவீதம் 'காத்தால தாங்க முடிஞ்சதுல எவ்வளவு இருக்கு'ங்கற கணக்கு, தண்ணியோட எடை கிடையாது. 5 டிகிரி காத்து ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 6.8 கிராம் தண்ணிதான் தாங்கும். அதுல 95 சதவீதம்னா 6.5 கிராம். 20 டிகிரி காத்து 17.3 கிராம் தாங்கும், அதுல 65 சதவீதம்னா 11.2 கிராம். அதாவது மழை பெய்யற வெளிக் காத்துல இருக்கற தண்ணி, உங்க ஹால்ல இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான். அந்த 6.5 கிராமை உள்ள கொண்டாந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் 38 சதவீதத்துக்கு இறங்கிடும்.

சூடு போகுதேன்னு கேட்டா, காத்துல இருக்கிற சூடு கொஞ்சம்தான். சுவரும் மேஜை நாற்காலியும் பிடிச்சு வெச்சிருக்கறதுதான் பெருசு. பத்து நிமிஷம் அகலத் திறந்து மூடினா காத்து மாறிடும், சுவர் ஆறாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வெச்சாத்தான் சுவர் சில்லிட்டு நஷ்டம்.

விதிவிலக்கு உண்டு. தென்மேற்கு காத்து அடிக்கற 13 டிகிரி நாள்ல வெளிக் காத்துலயே சுமார் 11 கிராம் இருக்கும். அன்னிக்கு ஜன்னலைத் திறந்து பிரயோஜனம் இல்ல, டீஹியூமிடிஃபையர்தான். அம்பைப் பாருங்கன்னு சொன்னது இதுக்கும் சேர்த்துத்தான்.

---

#9 · கணக்குப்பிள்ளை_ஹாரோ

கணக்கு சரியாக இருக்கிறது. வாபஸ்.

டீஹியூமிடிஃபையர் பற்றி நான் சேர்க்கிறேன். கம்ப்ரஸர் வகை, டெசிகன்ட் வகை என்று இரண்டு. சூடேற்றிய அறைக்கு கம்ப்ரஸர். சுமார் 200 வாட் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். 10 டிகிரிக்குக் கீழே போகும் கராஜ், சூடில்லாத பின்னறை என்றால் அதன் சுருளில் பனி கட்டி வேலை பாதியாகும், அங்கே டெசிகன்ட். ஆனால் அது இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் கேட்கும்.

பெட்டியில் '12 லிட்டர்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொட்டியில் 3 லிட்டர்தான் சேர்கிறது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அந்த 12 லிட்டர் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. சென்னை ஆகஸ்டு. லீட்ஸ் நவம்பரில் 3 லிட்டர் வந்தாலே மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள்.

பூஞ்சணம் வந்துவிட்டால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்; வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, பூஞ்சணக் கொல்லி திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறியுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கிளீனரையோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும். துடைத்த இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு ஆதாரம் ஆகாது. கூரை ஒழுகலோ குழாய்க் கசிவோ காரணம் என்றால் அது அவர் பொறுப்பு. 'நீங்கள் சமைப்பதால்தான்' என்று சொல்லித் தட்டிக் கழிப்பது வழக்கம். ஈர மீட்டர் அளவுகளைக் குறித்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் 'அவாப் சட்டம்' நடைமுறையில் இருக்கிறது: ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்று புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். இப்போதைக்கு அது கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்குத்தான்; தனியார் வாடகைக்குப் பிறகுதான் வரும்.

---

#10 · ரேடியேட்டர்_ராசா

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கேஸ் பாய்லர்.

ரேடியேட்டர் ஓரத்துல 1 முதல் 5 வரை போட்ட குமிழ் இருக்கும். அது தண்ணிக் குழாய் இல்ல. 5ல வெச்சா சீக்கிரம் சூடாகாது. அறை எந்தச் சூட்டுக்கு வந்ததும் நிறுத்தணும்ங்கறதை மட்டும்தான் அது சொல்லும். 3ன்னா சுமார் 20 டிகிரி. படுக்கை அறைக்கு 2, 2½ போதும். ஆள் இல்லாத அறைக்கு 1, ஆனா முழுசா மூடாதீங்க, அந்த அறைச் சுவர்தான் முதல்ல கறுக்கும். ஹால்ல தெர்மோஸ்டாட் இருந்தா அதே ஹால் ரேடியேட்டர் குமிழைத் தாழ்த்தி வைக்காதீங்க. ரெண்டும் சண்டை போட்டு பாய்லர் நிக்காம எரியும். ரேடியேட்டர் மேல திரை தொங்கினாலும், முன்னால சோபா போட்டாலும் சூடு பூரா ஜன்னலுக்குத்தான்.

சதா எரிய விடறதா, வேணும்போது மட்டும் போடறதாங்கற சண்டை முடியவே முடியாது. கேஸ் கணக்குப்படி, வீட்டுல இல்லாதப்போ குறைச்சாத்தான் மிச்சம். ஆனா பழைய செங்கல் வீட்டுல முழுசா அணைச்சா சுவர் ஆறி, சாயந்தரம் சமைக்கும்போது தண்ணி கோர்த்துக்கும். அதனால பகல்ல 15, 16. ஆள் இருக்கும்போது 18லிருந்து 20. குழந்தையோ வயசானவங்களோ இருந்தா 18க்குக் கீழ விடாதீங்க.

காம்பி பாய்லரா (தொட்டியில சேர்த்து வைக்காம, குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி தர்ற வகை) இருந்தா ரேடியேட்டருக்குப் போற தண்ணி சூட்டை 75ல வெச்சுட்டுப் போயிருப்பாங்க. 60க்குக் குறைங்க. திரும்பி வர்ற தண்ணி 55க்குக் கீழ இருந்தாத்தான் புகைல இருக்கிற நீராவி குளிர்ந்து அந்தச் சூட்டையும் பாய்லர் பிடிக்கும், பில் இறங்கும். வீடு சூடாக நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். சுடுதண்ணி சேர்த்து வைக்கிற சிலிண்டர் உள்ள பழைய முறைன்னா இதைச் செய்யாதீங்க. அந்தச் சிலிண்டர் தண்ணி 60 டிகிரியாவது இருக்கணும், இல்லேன்னா லெஜியோனெல்லா கிருமி வளரும்.

அடிக்கடி வர்ற மூணு கோளாறு:

ரேடியேட்டர் மேல் பாதி சில்லுனு, கீழ் பாதி சூடுன்னா உள்ள காத்து. ஹீட்டிங்கை அணைச்சு ஆற விடுங்க. மேல் ஓரத்துல சதுரத் திருகு இருக்கும், சாவியை மாட்டி இடப்பக்கம் அரைச் சுத்து. உஸ்ஸுனு காத்து போகும். தண்ணி வந்ததும் மூடுங்க. துணி பிடிச்சுக்கோங்க, வர்ற தண்ணி கறுப்பா இருக்கும், கார்பெட்ல விழுந்தா போகாது. அப்புறம் அழுத்தம் குறைஞ்சிருக்கும், பாருங்க.

அழுத்த முள் ஆறியிருக்கும்போது 1க்கும் 1.5க்கும் நடுவுல நிக்கணும். 1க்குக் கீழ போனா பாய்லர் அடம் பிடிக்கும். அடியில இருக்கிற நிரப்பு குழாயை மெல்லத் திறந்து, முள் 1.3 வந்ததும் மூடுங்க. வாரா வாரம் இறங்கினா எங்கேயோ கசிவு, ஆளைக் கூப்பிடுங்க.

உறைபனி காலையில பாய்லர் களக் களக்னு சத்தம் போட்டு நின்னுடுச்சுன்னா, வெளிச்சுவர்ல போற மெல்லிசான பிளாஸ்டிக் வடிகுழாய் உறைஞ்சிருக்கும். வெதுவெதுப்பான தண்ணிய குழாயோட வளைவுலயும் நுனியிலயும் ஊத்துங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா குழாய் வெடிக்கும், கீழ வழிஞ்சது பளிங்குப் பனியாகி ஆளை வழுக்கிவிடும். இளகினதும் ரீசெட் பொத்தான். இதுக்கு மேல பாய்லர் மூடியைத் திறக்கறது உங்க வேலை இல்ல. கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொடணும். வருஷா வருஷம் கேஸ் சோதனை செஞ்சு சான்று தர்றது வீட்டுக்காரர் கடமை. பாய்லர் இருக்கிற அறையில கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வெச்சுத் தர்றதும் அப்படித்தான், 2022 அக்டோபரிலிருந்து.

சொல்ல மறந்தது: ஜன்னலெல்லாம் சாத்தின வீட்டுல குழந்தை தலைக்குச் சாம்பிராணி போட கரி நெருப்பு மூட்டாதீங்க. அந்த அலாரம் அதுக்கும் அடிக்கும், நியாயமாத்தான் அடிக்கும்.

---

#11 · புளிக்காத_மாவு

அத்தியாவசியமான விஷயத்தை யாரும் சொல்லலையே. மாவு!

புளிக்க 28லிருந்து 32 டிகிரி வேணும். லீட்ஸ் சமையலறை ராத்திரி 15. மேடையில வெச்சா ரெண்டு நாளானாலும் பொங்காது, வாசம் மட்டும் மாறும்.

ஊர்ல மிக்ஸி சூடேறக் கூடாதுன்னு ஐஸ் தண்ணி விட்டு அரைப்போம். இங்க வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைங்க. உளுந்து ஊறும்போதே ஒரு டீஸ்பூன் வெந்தயம். பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்துக் கையாலயே கலக்குங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல நிரப்பாதீங்க, அடியில தட்டு வைங்க.

வைக்கிற இடம்: அவன் (ஓவன்). அவனைப் போடாம விளக்கை மட்டும் போடுங்க. பழைய குண்டு பல்புன்னா உள்ளே முப்பதுக்குப் பக்கத்துல வரும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போதும். புது அவன்ல எல்இடி பல்பு, அது சூடே தராது. நிறைய பேர் இதுல ஏமாறுறாங்க. அப்போ கொதிச்ச தண்ணி ஒரு பாத்திரம் பக்கத்துல வெச்சுக் கதவைச் சாத்துங்க, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க. அவன் குமிழ் மேல 'மாவு உள்ளே'ன்னு ஒரு சீட்டு ஒட்டிடுங்க. மறந்து 200 டிகிரில முன்சூடு பண்ணிட்டா பிளாஸ்டிக் டப்பாவோட போச்சு. சுடுதண்ணி சிலிண்டர் இருக்கிற அலமாரி இருந்தா அதைவிட நல்ல இடம் கிடையாது. தயிருக்கும் இதே இடம்தான்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், கெட்டுப் போகல. குறுகல் வாய் பாட்டிலா வாங்கிட்டு வராதீங்க. அகல வாய் டப்பா, ஸ்பூன்ல எடுக்கலாம்.

---

#12 · நைட்_ஷிஃப்ட்_அக்கா

வெளிச்சம், உடம்பு பற்றி.

டிசம்பர் நடுவில் லீட்ஸில் சூரியன் எட்டே காலுக்கு மேல் உதித்து மூணே முக்கால் வாக்கில் மறைந்துவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வெயில் அடித்தாலும் தோலில் வைட்டமின் டி உருவாகிற அளவுக்குச் சூரியன் உயரம் ஏறாது. அரசாங்க ஆலோசனை: தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயூ. நம் மாதிரிக் கருநிறத் தோல் உள்ளவர்கள் வருஷம் முழுக்கவே எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறார்கள். பையனுக்கும் 10 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக. ஊரில் வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கிற 60,000 ஐயூ மாத்திரையை டாக்டர் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். இங்கே பெரியவர்களுக்குத் தினசரி உச்சவரம்பு 4,000 ஐயூ.

குளிரில் நனைந்த காலை நேராக ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள், சுடுதண்ணீரிலும் விடாதீர்கள். சுருங்கிய ரத்தக் குழாய் சட்டென்று விரிந்து, சில மணி நேரத்தில் கால்விரல் சிவந்து வீங்கி அரிக்கும். 'சில்ப்ளெய்ன்ஸ்' என்பார்கள். நம் தோலில் சிவப்பு தெரியாது, கருநீலமாகத் தெரியும், அதனால் வேறு ஏதோ என்று பயந்துவிடுவார்கள். கம்பளி சாக்ஸ் போட்டு மெல்லச் சூடாக விடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போகும். தோல் உடைந்தாலோ சீழ் வைத்தாலோ ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போங்கள்.

நடக்கும்போது: ராத்திரி மழை பெய்து, விடியற்காலை வானம் தெளிந்து பூஜ்யத்துக்குக் கீழே போனால் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும். ஈரமாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். நிழல் விழும் பக்கத்தை விட்டு, கையை ஜேபியிலிருந்து எடுத்து, சின்னச் சின்ன அடி. தோல் அடி ஷூ வேண்டவே வேண்டாம்.

---

#13 · டிராம்_நம்பர்_2

கார் வாங்கறதா இருந்தா ஒரு வரி. கண்ணாடிப் பனி மேல சுடுதண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும். ஸ்க்ரேப்பரும் டி-ஐசரும் வெச்சுக்கோங்க. எல்லாக் கண்ணாடியையும் முழுசா சுரண்டிட்டுத்தான் எடுக்கணும், எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை மட்டும் போட்டுட்டு ஓட்டறது குற்றம். வைப்பர் தண்ணில வெறும் குழாய்த் தண்ணி ஊத்தினா உறையும், ஸ்க்ரீன்வாஷை பாட்டில்ல போட்ட அளவுக்குக் கலக்குங்க.

கோடைக்கும் ஒரு வரி. இந்த வீடுகள் சூட்டை உள்ளயே வெச்சுக்கக் கட்டினது. ஃபேன் கொக்கிகூடக் கிடையாது. வெளிய 30 தாண்டினா பகல்ல ஜன்னலையும் திரையையும் சாத்துங்க, ராத்திரி ரெண்டு பக்கமும் திறங்க. உள்ள 35க்கு மேல போனா ஃபேன் சூட்டைத்தான் முகத்துல வீசும்.

---

#14 · கொங்கு_டு_லீட்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பிரிண்ட் எடுத்துட்டேன். ரெண்டே சந்தேகம். போர்வை ஊர்ல இருந்து கொண்டு வரலாமா? பையனுக்கு நல்ல தடியா பஃபர் ஜாக்கெட் வாங்கியாச்சு, கார்லயும் அதையே போட்டு உட்கார வைக்கலாம்தானே?

---

#15 · அடுக்குத்துணி

போர்வை வேண்டாம், லக்கேஜ் எடை வீண். இங்க டூவே (பஞ்சு மாதிரி அடைச்ச தடிப் போர்வை) வாங்குங்க. அதுல எவ்வளவு சூடு தரும்னு காட்டற 'டாக்'னு ஒரு எண் இருக்கும். 4.5 கோடைக்கு, 13.5 கடும் குளிருக்கு. 4.5ம் 9ம் பட்டன் போட்டுச் சேர்க்கற செட் வாங்கினா ரெண்டும் சேர்ந்து 13.5, பிரிச்சா மத்த மாசத்துக்கு. பையனுக்கு அவ்வளவு வேண்டாம், 4.5 டாக் மேல ஒரு சின்னப் போர்வை.

பஃபர் ஜாக்கெட்டோட கார் சீட்டுல பெல்ட் போடாதீங்க. பெல்ட் இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா மோதினா ஜாக்கெட்டுக்குள்ள இருக்கிற காத்து நசுங்கி பெல்ட் தளர்ந்துடும். கழட்டிட்டு பெல்ட் போட்டு, ஜாக்கெட்டைத் திருப்பி முன்பக்கமா மேல போர்த்துங்க.

---

#16 · ரேடியேட்டர்_ராசா

எந்தத் தேதி இறங்குறீங்கன்னு பார்த்துக்கோங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 ஆகும். ஊருக்கும் இங்கயும் நாலரை மணி நேர வித்தியாசம் அன்னிலேர்ந்து அஞ்சரை. போன் தானா மாறிக்கும். பழைய பாய்லர்ல இருக்கிற வட்ட டைமர் மாறாது, கையால திருப்பணும். அதைத் திருப்பாம விட்டுட்டு "ஆறு மணிக்குப் போட்ட ஹீட்டிங் அஞ்சுக்கே ஓடுது"ன்னு நவம்பர்ல இங்க வந்து கேட்காதீங்க.